ஒருமை பன்மை மயக்கம்

எங்கள் சபையின் பாஸ்டர் கடவுளை ஒரு த்ரீ-இன்-ஒன் கோப்பிப் பாக்கெட்டில் வைத்துக் காட்டினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது எங்கள் சபை. அதன் பின்னறையில் சுடுதண்ணீர்க் குடுவையும் பிஸ்கட் டின்னும் பாக்கெட் கோப்பியும் எப்போதும் ஒரு தட்டில் இருக்கும். அந்தத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்குள்ள கோப்பி இருக்கு, சீனி இருக்கு, பால்மாவு இருக்கு. ஆனா பாக்கெட் எத்தனை? ஒண்ணுதான். இதுதாங்க திரித்துவம்" என்றார்.

எதிரே நாங்கள் மூன்று பேர். நான், என் தங்கை, தங்கையின் புருஷன். நானோ கோப்பிக்குப் பேர்போன குளுவாங்கில் பிறந்தவள். துணி வடிகட்டியில் இறங்கிய கோப்பியைக் குடித்து வளர்ந்த நாக்கு இது. பாக்கெட் கோப்பியைக் கோப்பி என்றே ஒப்புக்கொள்ளாதவள் நான். என்னிடம் போய் அதைக் கடவுள் என்று நீட்டினால் என்ன செய்வேன்? சிரித்துவிட்டேன். அன்று அந்தச் சிரிப்பை அடக்கியிருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது என்று என் தங்கை இன்றைக்கும் சொல்கிறாள்.

நாங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்த காரணத்தைச் சொல்கிறேன். தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை கலைந்தது. மூன்றாவதாக வந்தவளைச் சுமந்த மாதங்களில் தங்கை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவள் வீட்டுக்குப் போய் ரசம் வைத்து, சோறு குழைத்து, தலை வாரிவிட்டது நான்தான். அம்மா எப்போதோ போய்விட்டார். அப்பாவும் இல்லை. எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீதான் இவளுக்கு ஞானத்தாய். வேற யாரும் இல்ல" என்றாள். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிறவள்தான் ஞானத்தாய். அந்த ஒரு வார்த்தையை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. தமிழாசிரியை ஆயிற்றே, வார்த்தைகளில்தான் நான் சொத்து சேர்ப்பேன்.

ஆனால் எங்கள் சபையில் ஞானத்தாய் சும்மா ஆகிவிட முடியாது. வகுப்புக்கு வரவேண்டும். பிறகு ஞானஸ்நானத்தன்று எல்லார் முன்னிலையிலும் பாஸ்டர் கேட்கிற கேள்விக்கு, ஒரே கடவுளைப் பிதா, குமாரனாகிய இயேசு, பரிசுத்த ஆவி என மூன்று ஆளாக நம்புகிறேன் என்று பதில் சொல்லவேண்டும். சிக்கல் அங்கேதான்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இது ஒரே நாளில் வந்த புத்தியல்ல. ஒரு நீண்ட பள்ளி விடுமுறையில், வேலை இல்லாமல், வேதாகமத்தைக் கட்டுரைத் தாள் திருத்துவதுபோல முதலிலிருந்து வாசித்தேன். எழுவாய் எது, பயனிலை எது என்று பார்க்கிற கண் இது. ஆண்டாண்டாக நான் எழுந்து நின்று சொன்ன 'திரித்துவம்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடினேன். ஆதியாகமத்தில் இல்லை, சுவிசேஷத்தில் இல்லை, நிருபங்களில் இல்லை, வெளிப்படுத்தலிலும் இல்லை. சொல்தான் இல்லை, பொருளாவது இருக்குமென்றால், வாசிக்க வாசிக்க அதற்கு நேர்மாறாகத்தான் இருந்தது. கட்டளைகளில் முதன்மையானது எது என்று கேட்டவனுக்கு இயேசு என்ன சொன்னார்? கர்த்தர் ஒருவரே என்றார். மூவரில் ஒருவர் என்று ஒரு அடைப்புக்குறிகூடப் போடவில்லை. அதற்குமேல் நான் யாரிடமும் வாதம் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூவரையும் சொல்கிற அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன். எங்கள் கீபோர்டுக்காரர் போடுகிற சத்தத்தில் யாருக்கும் தெரியாது.

பாக்கெட்டுக்கு வருவோம். நான் சிரித்ததும் பாஸ்டர் முகம் சுருங்கியது. அவர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல பிள்ளைதான், வேதக் கல்லூரியில் படித்தவர். ஆனால் படித்ததையெல்லாம் மேடையில் விட்டுவிட்டு வகுப்புக்குப் பாக்கெட்டோடு வருகிற பழக்கம் அவருக்கு.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல பாஸ்டர். பாக்கெட்டைப் பிரிச்சா சீனி தனியா கோப்பி ஆகுமா?"

"ஆகாது."

"அப்ப சீனி முழுக்கோப்பி இல்ல. மூணுல ஒரு பங்கு. ஆனா உங்க பாடத்துல குமாரன் முழுக் கடவுள், பிதாவும் முழுக் கடவுள். இது மூணு பாக்கெட் லா பாஸ்டர், ஒரு பாக்கெட் இல்ல."

தங்கை மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அவள் புருஷன் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டியபின் வருகிறவர். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார். என் குரல் உயர்ந்ததும் அவர்கூட விழித்துக்கொண்டார்.

பாஸ்டர் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வேதத்தைத் திறந்தார். நல்லது, இனி சண்டை சரியான களத்தில் என்று நானும் நிமிர்ந்தேன். முதல் அதிகாரத்தையே எடுத்தார். நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோம் என்று கடவுள் சொல்கிற இடம்.

"நீங்களே தமிழ் டீச்சர். 'நமது'ன்னா ஒருமையா பன்மையா? எபிரேய மொழியில கடவுளுக்குச் சொல்ற வார்த்தையே பன்மைதான். ஏலோகீம்!"

ஏலோகீம் என்றபோது அவர் கண்ணில் ஒரு பெருமிதம் மின்னியது. எனக்கோ அலமாக், ஐயோடா என்றிருந்தது. எத்தனை வருஷமாக நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் 'ஒருமை பன்மை மயக்கம்' என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்திருக்கிறேன். அதே மயக்கம் வேதக் கல்லூரிவரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

"பாஸ்டர், உங்க அப்பா ஊர்லேருந்து வந்தா வீட்ல எப்படிச் சொல்வீங்க?"

"அப்பா வந்தாங்கன்னு."

"எத்தனை அப்பா?"

தங்கையின் புருஷன் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஒருத்தரைப் பலரா சொல்றது மரியாதை. தலை எண்ணுறதுக்கு இல்ல. இலக்கணத்துல இதுக்கு வழுவமைதின்னு பேரு. கணக்குப்படி பிழைதான், ஆனா அன்புக்காகவும் மதிப்புக்காகவும் இலக்கணமே மன்னிச்சு விட்டுடுற பிழை. சரி, எபிரேயத்துக்கே வருவோம். பார்வோனுக்கு உன்னைத் தேவனா வச்சேன்னு கடவுள் மோசேகிட்ட சொல்றாரே, அங்கயும் அதே ஏலோகீம்தானே? மோசே எத்தனை பேரு? அதோட நீங்க நிறுத்தின வசனத்துக்கு அடுத்த வசனத்தைப் படிங்க. 'நமது' போயிடுது, தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார்னு வருது. பக்கத்துல யாருகிட்டயோ பேசினாரு, ஆனா படைக்கும்போது ஒருத்தரா படைச்சாரு."

அடுத்த வசனத்தை யார் படிக்கிறார்கள்? இவர்களுக்கு வேதம் என்பது மார்க்கெட் கடை. வேண்டிய காயைப் பொறுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

பாஸ்டர் விடவில்லை. யோவானின் முதல் நிருபத்துக்குப் பாய்ந்தார். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்று என்று உரக்க வாசித்தார். "இதைவிடத் தெளிவா எங்க இருக்கு டீச்சர்?" என்றார். உண்மைதான். இதைவிடத் தெளிவாக வேதத்தில் எங்குமே இல்லை. அதுதான் கூத்தே.

தங்கையின் புருஷனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். கைப்பேசியில் இங்கிலீஷ் வேதம் வைத்திருப்பார். அவர் பாவம், எந்தக் கட்சியும் இல்லாதவர். அதே இடத்தை அதில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாஸ்டர், என் போன்ல ஆவி, தண்ணி, ரத்தம்னுதான் இருக்கு. பிதாவைக் காணோமே?"

"சரியா பாருங்க பிரதர், ஏழாம் வசனம்."

"ஏழும் எட்டும் பாத்துட்டேன் பாஸ்டர். ஆப் அப்டேட் பண்ணணுமா?"

நான் சிரிப்பை அடக்க மேசையைப் பிடித்துக்கொண்டேன். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வரி இல்லை. வெகுகாலம் கழித்து லத்தீன் படிகளில் நுழைந்து, அங்கிருந்து அச்சுக்குப் போய், பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் குந்திக்கொண்டது. இங்கிலீஷில் திருத்தியவர்கள் எடுத்துவிட்டார்கள். தமிழில் நாங்கள் இன்னும் அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். பாஸ்டருக்கு இது தெரியும். தெரியும் என்பது அவர் பக்கத்தைப் புரட்டிய வேகத்திலேயே தெரிந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்கிறவரைக்கூட மன்னிக்கலாம், வடியவில்லை என்று தெரிந்தே சொல்கிறவரை என்ன செய்ய?

கடைசியாக, சந்தேகப்பட்ட சீஷன் இயேசுவைப் பார்த்து 'என் ஆண்டவரே, என் தேவனே' என்று சொன்ன வசனத்தை எடுத்தார். அது லேசான வசனமல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, கல்லறைக்கு வந்த பெண்ணிடம் இயேசுவே சொல்கிறாரே, என் பிதாவும் உங்கள் பிதாவும், என் தேவனும் உங்கள் தேவனுமானவரிடம் போகிறேன் என்று. கடவுளுக்கு ஒரு கடவுள் உண்டா? பிதா என்னிலும் பெரியவர் என்கிறார். அந்த நாள் குமாரனுக்கே தெரியாது, பிதாவுக்குத்தான் தெரியும் என்கிறார். பிடிபடுகிற ராத்திரி தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, என் சித்தமல்ல, உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று அழுகிறார். அங்கே யாரிடம் அழுதார்? கண்ணாடி முன்னால் நின்றா? எனக்கு அந்தத் தோட்டம்தான் வேதத்திலேயே பிடித்த இடம். ஒரு மகன் பயந்து நடுங்கி அப்பாவைக் கூப்பிடுகிறான். அதைப்போய் ஒரே பாக்கெட்டுக்குள் நடக்கிற பேச்சுவார்த்தை என்று ஆக்கிவிட்டால் அவருடைய கண்ணீருக்கே மரியாதை இல்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்தது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

பாஸ்டர் வேதத்தை மூடினார். "டீச்சர், இது தேவரகசியம். மனுஷ புத்திக்கு எட்டாது."

"எட்டாததை எதுக்குக் கோப்பிப் பாக்கெட்ல காட்டினீங்க?"

அத்தோடு வகுப்பு முடிந்தது.

அந்த வாரமே பாஸ்டர் தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்காமேல் மரியாதை உண்டு, ஆனால் அந்தக் கேள்விக்கு 'நம்புகிறேன்' என்று சொல்லாதவர் குழந்தையை ஏந்த முடியாது, சபை ஒழுங்கு அப்படி என்று. அவர் பக்கம் அது நியாயம்தான். நம்பாதவளை நம்புகிறவள் என்று நிறுத்த அவருக்கு மனமில்லை. அந்த மட்டில் அவரும் நானும் ஒரே கட்சி.

தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்கக்கூட விடவில்லை.

"ஒரு வார்த்தைதான் அக்கா. நம்புறேன்னு சொல்லிடு. யாரு உன் மனசுக்குள்ள எட்டிப் பாக்கப்போறா?"

"யாரு முன்னாடி சொல்றேனோ அவர் பாப்பாரு."

"சும்மா சொல்லு லா! பாதிப் பேரு அப்படித்தான் சொல்றாங்க."

"பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாம சொல்றாங்க. அது அறியாமை. நான் சொன்னா பொய். இவளைக் கையில வச்சுக்கிட்டு, கடவுள் பேரைச் சொல்லி, முதல் வார்த்தையே பொய் சொல்லவா?"

"நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு!"

"மூணு கால் முயல் உன் பாஸ்டர்கிட்ட இருக்குடி. என்னோடது ஒத்தக்கால்ல நிக்குது."

வேறு நேரமாயிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று அழுதாள். "உனக்கு உன் இலக்கணம்தான் பெருசு. நானும் இவளும் இல்ல" என்றாள். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தே சொன்னதுதான் வலித்தது. பிறகு கூடத்துக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ சொல்லமாட்டாளாம். பொந்தியான்ல இருக்கிற உங்க அக்காவையே கூப்பிடுங்க. அவ வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

அவ. அவள் வாயில் பேச்சு வந்த நாளிலிருந்து, மற்றவர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது 'அக்கா வந்தாங்க, அக்கா சொன்னாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள். நேரில் 'நீ', மறைவில் 'அவங்க'. அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அன்று முதல்முறையாக நான் ஒருமை ஆனேன். மீன்குழம்பு அடிபிடித்துப்போனது. நான் அப்படியே நின்றேன்.

ஞானஸ்நானத்துக்குப் போனேன். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. பொந்தியானிலிருந்து தங்கையின் நாத்தனார் பட்டுச்சேலையில் வந்திருந்தார். நல்ல மனுஷி, வாய் ஓயாத மனுஷி. வகுப்புக்கு வர நேரமில்லாததால் பாஸ்டர் அவருக்குப் போனிலேயே பத்து நிமிஷத்தில் பாடம் முடித்துவிட்டாராம். மாடிப்படியருகே செருப்பைக் கழற்றும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

"அக்கா, உங்களுக்குத்தான் வேதமெல்லாம் தெரியும். மூணு பேருன்னு பாஸ்டர் சொன்னாரே, பிதா, இயேசு, மூணாவது மாதாவா?"

என்ன சொல்ல? "பரிசுத்த ஆவி" என்றேன்.

"ஆங், அதான். கேட்டா நம்புறேன்னு சொல்லணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றேன். அவ்வளவேதான். வேதத்தை வரிவரியாகப் படித்தவள் மூன்றாவது பெஞ்சில், மூன்றாவது ஆள் யாரென்று தெரியாதவர் பீடத்தில். எனக்கு வந்த எரிச்சலில் ஏர்கான் காற்றிலும் வியர்த்தது.

பாஸ்டர் கேட்டார். நாத்தனார் சபையே திரும்பிப் பார்க்க, "நம்புகிறேன்!" என்றார். கீபோர்டுக்காரர்கூட ஒரு கணம் கையை எடுத்துவிட்டார். பிறகு தண்ணீர். மூன்று பேரையும் சொல்லி மூன்று முறை ஊற்றினார். மூன்றாவது ஊற்றுக்குக் குழந்தை வீறிட்டாள். பட்டுச்சேலை சரசரக்க நாத்தனார் ஆட்டினார், தட்டினார், "ச்சூ ச்சூ" என்றார். குழந்தை முகம் சிவந்து, மூச்சு முட்டி, சேலையில் வாந்தியே எடுத்துவிட்டாள். தங்கை வாங்கித் தோளில் போட்டாள். நிற்கவில்லை. பாஸ்டர் ஆசீர்வாதத்துக்காகக் கையை உயர்த்தியபடி காத்திருந்தார். ஞானத்தாய் ஏந்தி நிற்க, கடைசி ஜெபம் பாக்கி இருந்தது.

தங்கை என்னைப் பார்க்கவில்லை. பீடத்தைவிட்டு இறங்கினாள். நடுப்பாதையில் நடந்து மூன்றாவது பெஞ்சுக்கு வந்து, ஈரத்தலையோடு குழந்தையை என் மடியில் போட்டாள். தோளில் சாய்த்து என் சேலைத் தலைப்பால் தலையைத் துடைத்தேன். என்னிடம் எப்போதும் இருக்கிற தைல வாசனைதானோ என்னவோ, விம்மல் குறைந்தது. குழந்தை மூக்கை என் தோளில் தேய்த்தாள்.

பாஸ்டர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழிறங்கி எங்கள் பெஞ்சுக்கே வந்தார். என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. குழந்தையின் தலைமேல் கை வைத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று அவர் வழக்கப்படியே முடித்தார். நான் என் வழக்கப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தங்கை பெஞ்சின் ஓரத்தில் மண்டியிட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். அவள் குரல் கரகரத்திருந்தது.

"அழாதம்மா. இங்க பாரு, பெரியம்மா வந்துட்டாங்க. பெரியம்மா வந்துட்டாங்க பாரு."

நான் எங்கிருந்தும் வரவில்லை. காலையிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தியாக.